தேனூரின் பெயரைச் சுமக்கும் மண்டபம்

பரவையைத் தாண்டி மேற்கே போனால் சமயநல்லூரை ஒட்டி வருகிறது தேனூர். இன்று சித்திரையில் மதுரைக்குள் திரளும் கூட்டம் ஒரு காலத்தில் இந்த ஊர் மணலில்தான் கூடியது. அழகர்கோயில் பெருமாளான அழகர் வைகை ஆற்றில் இறங்கியது இங்கேதான்.

மீனாட்சி கல்யாணம் அப்போது மாசியில் நடந்தது. மதுரையின் மாசி வீதிகளின் பெயர் அதற்குச் சாட்சி. 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் கல்யாணத்தையும் அழகர் ஆற்றில் இறங்குவதையும் சித்திரையில் இணைத்தார். அறுவடை முடிந்து கையில் காசும் பொழுதும் இருக்கும் மாதம் அது. சைவக் கோயிலின் மணவிழாவும் வைணவக் கோயிலின் பயணமும் ஒரே திருவிழாவாயின. தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்கு அண்ணன் அழகர் தாமதமாக வந்து, கோபித்துத் திரும்புகிறார் என்ற கதையை மக்கள் சேர்த்துக்கொண்டார்கள். எந்தப் புராணத்தையும்விட அழகான கதை அது.

அழகர் வருவதோ கள்ளர் வேடத்தில்: கொண்டை, வளரி, கையில் கோல். எதிர்கொள்ளும் பெண்கள் செம்பில் சர்க்கரை நிரப்பி, வாழையிலையால் வாய்மூடி, மேலே சூடம் ஏற்றி நீட்டுகிறார்கள். விரதமிருந்தவர்கள் ஆட்டுத்தோல் பையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுகிறார்கள். வழிநெடுக நீர்மோர்ப் பந்தல். குடிக்க வருபவரிடம் யாரும் சாதி கேட்பதில்லை. வண்டியூரில் அவர் துலுக்க நாச்சியார் வீட்டில் தங்குவதாக மக்கள் நம்புகிறார்கள். இதைத் தொ. பரமசிவன் தம் 'அழகர் கோயில்' ஆய்வில் விரிவாக ஆராய்ந்தார்.

மறுநாள் அழகர் மண்டூக முனிவருக்கு மோட்சம் தருவதும் வண்டியூரில் ஒரு மண்டபத்தில்தான். ஆனால் வைகைக்குள் நிற்கும் அந்த மண்டபத்துக்கு இன்றும் பெயர் தேனூர் மண்டபம்.