யானைக்கால் நோய்: நாம் அறிந்தவை சரியா? ஆறு கூற்றுகளும் விளக்கங்களும்

காவிரிப் படுகையில் யானைக்கால் நோயைப் பற்றிக் கேள்விப்படாதவர் இலர். கும்பகோணத்தின் பெயர் நெடுங்காலம் இந்நோயுடன் சேர்த்தே பேசப்பட்டது. 1955-இல் தொடங்கிய தேசிய யானைக்கால் நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தாலும், பின்னர் ஆண்டுதோறும் மக்கள் அனைவருக்கும் மாத்திரை வழங்கியதாலும் புதிய தொற்று வெகுவாகக் குறைந்துள்ளது. எனினும், முன்னரே வீக்கம் ஏற்பட்டவர்கள் நம்மிடையே வாழ்கின்றனர். கீழ்க்காணும் ஒவ்வொரு கூற்றும் சரியா, தவறா என்று முதலில் நீங்களே முடிவு செய்து, பின்னர் விளக்கத்தைப் படிக்கவும்.

1. யானைக்கால் நோய் பரம்பரையாக வரும், தொட்டால் ஒட்டிக்கொள்ளும்.

தவறு. இந்தியாவில் பெரும்பாலும் உச்செரேரியா பான்கிராஃப்டி என்னும் நூல் போன்ற புழுவே இந்நோய்க்குக் காரணம். முதிர்ந்த புழுக்கள் நிணநீர் நாளங்களில் பல ஆண்டுகள் உயிர்வாழ்ந்து, இலட்சக்கணக்கான நுண்புழுக்களை ஈனுகின்றன. இரத்தத்தில் உலவும் இந்நுண்புழுக்களைக் கொசு உறிஞ்சிய பின், ஏறத்தாழ இரண்டு வாரங்களில் அவை பிறருக்குத் தொற்றும் நிலையை அடைகின்றன. கொசு இதில் பங்கு வகிப்பதை 1877-இல் பாட்ரிக் மேன்சன் கண்டறிந்தார். ஒருமுறை கடிபட்டவுடன் நோய் வருவதில்லை; பல மாதங்கள் அல்லது ஆண்டுகள் தொடர்ந்து கடிபடுவோரிடமே தொற்று நிலைபெறுகிறது.

2. நெல் வயலில் நிற்கும் நீரே இக்கொசுவின் முதன்மையான உற்பத்தி இடம்.

தவறு. இந்நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் குயின்கிஃபேசியேட்டஸ் கொசு, அழுக்கு நிறைந்த தேங்கிய நீரையே நாடும். வீட்டோரச் சாக்கடை, அடைபட்ட வடிகால், மூடப்படாத கழிவுநீர்த் தொட்டி ஆகியவையே இதன் இருப்பிடங்கள். வயல் நீரில் பெருகும் கொசுக்கள் வேறு வகையின. அவற்றுள் சில மூளைக்காய்ச்சலைப் பரப்புகின்றன. எனவே யானைக்கால் தடுப்பு வீட்டு வாசலில் தொடங்க வேண்டும். செப்டிக் டேங்கின் காற்றுக்குழாய்க்கு வலை கட்டவும். சாக்கடை நீர் தடையின்றி ஓடச் செய்யவும். இரவில் கொசுவலைக்குள் உறங்கவும்.

3. இப்பரிசோதனைக்கு இரவில் இரத்தம் எடுப்பதற்குக் காரணம் உண்டு.

சரி. நுண்புழுக்கள் பகலில் பெரும்பாலும் நுரையீரலின் இரத்த நாளங்களில் தங்கி, கொசு கடிக்கும் இரவு நேரத்தில் தோலையொட்டிய இரத்தத்திற்கு வருகின்றன. ஆகவேதான் சுகாதாரப் பணியாளர்கள் இரவு 10 மணி முதல் 2 மணி வரையிலான நேரத்தில் விரல் நுனியில் இரத்தம் எடுக்கின்றனர். முதிர்ந்த புழு வெளியிடும் பொருளைக் கண்டறியும் பட்டைப் பரிசோதனையை எந்நேரத்திலும் செய்யலாம்.

4. இரத்தத்தில் நுண்புழு இல்லையெனில், கால் வீக்கம் யானைக்கால் நோயால் வந்ததன்று.

தவறு. வீக்கம் நிலைத்த காலத்தில் பலருடைய இரத்தத்தில் நுண்புழு காணப்படுவதில்லை. நாளங்கள் முன்னரே சேதமடைந்துவிட்டதால் வீக்கம் மட்டும் எஞ்சுகிறது. மறுபுறம், எவ்வித அறிகுறியும் இல்லாதவரின் இரத்தத்தில் நுண்புழுக்கள் மிகுந்திருக்கக்கூடும்.

5. நலமாக இருப்போர் அரசு வழங்கும் மாத்திரையை உண்ணத் தேவையில்லை.

தவறு. அறிகுறியற்றவரே அறியாமல் நோயைப் பரப்ப முடியும். டி.இ.சி. மாத்திரை நுண்புழுக்களை அழிக்கிறது. உடன் அல்பெண்டசோல் வழங்கப்படுகிறது. சில மாவட்டங்களில் ஐவர்மெக்டினும் சேர்க்கப்படுகிறது. 2 வயதுக்குட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், கடும் நோயுற்றோர் ஆகியோருக்கு இவை வழங்கப்படுவதில்லை. மாத்திரை உண்டபின் சிலருக்குக் காய்ச்சல், தலைவலி, மயக்கம் தோன்றலாம். பெரும்பாலும் நுண்புழுக்கள் மடிவதால் ஏற்படும் இவை விரைவில் நீங்கும். நீடித்தால் மருத்துவரை அணுகவும்.

6. வீங்கிய காலுக்கு இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை.

தவறு. இதுவே மிகுந்த தீங்கு விளைவிக்கும் எண்ணம். நாளங்கள் சேதமடைந்த பின் வீக்கத்தைப் பெருக்குவது பெரும்பாலும் புழு அன்று. தோல் வெடிப்பு வழியே நுழையும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்களே. குளிர்காய்ச்சலும், கால் சிவந்து கடுமையாக வலிப்பதும் இதன் அறிகுறிகள். ஒவ்வொரு தாக்குதலுக்குப் பின்னும் வீக்கம் சிறிது கூடுகிறது. நடவுக் காலத்தில் சேற்றில் நிற்போரின் கால்விரல் இடுக்கில் வரும் சேற்றுப்புண் இக்கிருமிகளுக்குத் திறந்த வாயிலாகும்.

நாள்தோறும் செய்ய வேண்டியவை:

• சோப்பும் தூய நீரும் கொண்டு காலையும் விரல் இடுக்குகளையும் மென்மையாகக் கழுவவும்.
• மெல்லிய துணியால் ஒற்றி, ஈரம் நீங்கும்வரை துடைக்கவும்.
• வெடிப்பு, சேற்றுப்புண் ஆகியவற்றிற்கு மருத்துவர் தந்த களிம்பைத் தடவவும்.
• அமரும்போதும் படுக்கும்போதும் காலை உயர்த்தி வைக்கவும். கணுக்காலை அசைத்துப் பயிற்சி செய்யவும்.
• இறுக்கமில்லாத காலணி அணியவும். வயலிலிருந்து கரையேறியவுடன் காலைக் கழுவவும்.

காய்ச்சலுடன் கால் வலித்தால் பயிற்சியை நிறுத்தி, குளிர்ந்த ஈரத்துணியைக் காலில் வைத்து ஓய்வெடுக்கவும். தாமதமின்றி ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்லவும். கீறுதல், சூடு வைத்தல் கூடாது. இப்பராமரிப்பைத் தொடர்ந்தால் காய்ச்சல் வருவது குறையும். தொடக்கநிலை வீக்கம் வடியவும் கூடும். ஆண்களுக்கு ஏற்படும் விரைவீக்கத்தை அறுவை சிகிச்சையால் சரிசெய்யலாம். கூச்சத்தால் மறைக்க வேண்டாம்.

ஐயம் இருப்பின் உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரை அணுகவும்; அல்லது 104 என்ற மருத்துவ உதவி எண்ணை அழைக்கவும்.