சட்டமும் சரித்திரமும்

சட்டம் என்றதும் நீதிமன்றத்தையும் வழக்கறிஞர்களையும் நினைக்க வேண்டா. நான் இங்கே சொல்லப் புகுவது, மோட்டார் சைக்கிளின் எஞ்சினையும் இரண்டு சக்கரங்களையும் ஓட்டுபவரையும் ஒருங்கே தாங்கி நிற்கும் இரும்புக் குழாய்ச் சட்டத்தைப் பற்றியதாகும். தொழிற்கூடங்களில் அதனை ஃபிரேம் என்று வழங்குவர். உடலுக்கு எலும்புக்கூடு எப்படியோ, வண்டிக்கு இச்சட்டம் அப்படி. அதற்கும் ஒரு வரலாறு உண்டோ என்று மாணவர்கள் கேட்கலாம். உண்டு, அவ்வரலாறு இறுதியில், பழமை என்பது யாது என்னும் கேள்வியின் முன் நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகிறது.

மோட்டார் சைக்கிள் போட்டி என்றால் வேகமே நம் நினைவுக்கு வரும். ஆனால் ‘டிரையல்ஸ்’ என்றொரு போட்டி உண்டு. அதில் வேகத்துக்குப் பரிசில்லை. பாறை, சேறு, ஓடை, மரவேர் முதலியவை நிறைந்த சிறு சிறு பகுதிகளை எல்லை குறித்து வைப்பர். ஓட்டுபவர் காலைத் தரையில் ஊன்றாமல் அவற்றைக் கடக்க வேண்டும். ஒருமுறை ஊன்றினால் ஒரு குற்றப்புள்ளி. வண்டி விழுந்தாலோ கடக்க இயலாது போனாலோ ஐந்து. குறைந்த புள்ளி பெற்றவரே வென்றவர். இவ்வகைப் போட்டிகளுள் புகழ்பெற்றது ஸ்காட்லாந்தின் ஆறு நாள் டிரையல். அதன் தொடக்கம் 1909ஆம் ஆண்டு. அந்நாளில் வண்டி பழுதின்றி ஊர் போய்ச் சேருமா என்பதே சோதனையாயிருந்தது. சாலைகளும் எஞ்சின்களும் திருந்தத் திருந்த, அச்சோதனை எளிதாயிற்று. ஆகவே போட்டி சாலையை விட்டு இறங்கி மலையோடைகளுக்குள் புகுந்தது.

இத்தகைய நிலத்தில் எஞ்சினின் ஆற்றலைவிடச் சட்டத்தின் அமைப்பே பெரிதாகிறது. காரணம் எளிது. வண்டியின் அடிவயிறு தாழ்ந்திருந்தால் பாறையில் தட்டும். உயர்ந்திருந்தால் நிலை தடுமாறும். முன் சக்கரத்தைப் பற்றும் கவை மிகச் சாய்ந்திருந்தால், வேகத்தில் நேரே ஓடும். மெல்லச் செல்லுகையில் திரும்ப மறுக்கும். அது சற்றே நிமிர்ந்திருந்தால், நடை வேகத்திலும் கைப்பிடி சொன்னபடி கேட்கும். கால் வைக்கும் கட்டை எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பின் சக்கரத்தின் பிடிப்பு மாறும். இவை யாவற்றுக்கும் மேலாக, விழப் போகும் வண்டியைத் தூக்கி நிறுத்துவது மனித உடல். ஆதலின் குறைக்கப்பட்ட ஒவ்வொரு கிலோகிராமும் அவ்வுடலுக்குக் கிடைத்த துணையாகும்.

பழைய வண்டிகளின் பின் சக்கரம் சட்டத்தோடு அசைவின்றிப் பிணைக்கப்பட்டிருந்தது. அதுவே தரையை நன்கு பற்றும் என்று டிரையல்ஸ் வீரர் பலர் உறுதியாக நம்பினர். இந்நம்பிக்கையை அசைத்தது நமக்கு நன்கு அறிமுகமான ஒரு வண்டி. 1948ஆம் ஆண்டு ராயல் என்ஃபீல்டு நிறுவனம், பின் சக்கரம் கீலில் மேலும் கீழும் அசையுமாறு அமைத்து, சுருள்வில் கொண்ட அதிர்வுதாங்கிகளைப் பொருத்திய புல்லட் வண்டிகளை இங்கிலாந்தின் கோல்மோர் கோப்பைப் போட்டியில் இறக்கியது. ‘வில் வைத்த சட்டம் சேற்றுக்கு ஆகாது’ என்றவர்கள் சில ஆண்டுகளில் வாயடைத்தனர். ஜானி பிரிட்டன் என்னும் வீரர் ராயல் என்ஃபீல்டு வண்டியில் 1952ஆம் ஆண்டிலும் 1957ஆம் ஆண்டிலும் ஸ்காட்லாந்துப் போட்டியை வென்றார். அந்தப் புல்லட்டின் வழிவந்த வண்டிகளைக் கட்டுவதற்கே 1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவப்பட்டது. பின்னர்த் திருவொற்றியூர்த் தொழிற்சாலை எழுந்தது.

இங்கிலாந்தின் எஸெக்ஸ் பகுதியிலிருந்த கிரீவ்ஸ் என்னும் சிறு நிறுவனம் வேறொரு வழியில் சென்றது. உடல் ஊனமுற்றோர் ஓட்டுவதற்கான மூன்று சக்கர வண்டிகளைச் செய்து வந்த நிறுவனம் அது. 1950களில் அது மோட்டார் சைக்கிள் செய்யத் தொடங்கியபோது, சட்டத்தின் முன்புறத்தில் வழக்கமான எஃகுக் குழாயை நீக்கிவிட்டு, அலுமினியக் கலவையில் வார்த்த ஓர் உத்தரத்தை வைத்தது. கட்டடத்து இரும்பு உத்தரத்தைப் போன்ற தோற்றமுடைய அதனைக் கண்டு நகைத்தவர்களும் உண்டு. பாறைகளில் மோதியும் அது தாங்கியது. புதுமை பெரிய கூடங்களிலிருந்தே வரவேண்டும் என்னும் விதி எங்கும் எழுதப்படவில்லை.

இனி இவ்வரலாற்றின் நடுநாயகமான மனிதரிடம் வருவோம். வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் 1933ஆம் ஆண்டு பிறந்த சாமி மில்லர், 1959 முதல் 1969 வரை பதினோராண்டுகள் இடைவிடாது பிரித்தானிய டிரையல்ஸ் வாகையர் ஆனவர். ஜி.ஓ.வி. 132 என்னும் பதிவெண் கொண்ட, 500 சி.சி. ஏரியல் வண்டி அவரோடு சேர்ந்து புகழ் பெற்றது. ஏரியல் நிறுவனமோ 1959ஆம் ஆண்டிலேயே தன் நான்கு வீச்சு எஞ்சின் வண்டிகளைக் கைவிட்டுவிட்டது. தாய் கைவிட்ட குழந்தையை வளர்ப்பதுபோல், மில்லர் அவ்வண்டியை ஆண்டுதோறும் திருத்தி வந்தார். ஏறத்தாழ 130 கிலோகிராம் எடையிருந்த வகையைச் சேர்ந்த அவ்வண்டி, அவர் கையில் சுமார் 110 கிலோகிராமாக இளைத்தது. கனத்த உறுப்பு ஒவ்வொன்றின் இடத்திலும் இலேசான ஒன்று வந்தது. இறுதியில் சட்டமே புதிதாயிற்று.

அப்புதிய சட்டத்துக்குரிய குழாய், பர்மிங்காம் நகரத்து ரெனால்ட்ஸ் நிறுவனத்தின் ‘531’ என்னும் எஃகாகும். 1935ஆம் ஆண்டு வெளிவந்த இது, மாங்கனீசும் மாலிப்டினமும் கலந்தது. வலிமை மிகுதியாதலின் குழாயின் சுவரை மெல்லியதாக்கலாம், எடை குறையும். ஆயினும் அளவு மீறிச் சூடேற்றினால் வலிமை கெடும். ஆகவே எஃகையே உருக்கி ஒட்டாமல், குறைந்த சூட்டில் உருகும் வெண்கலக் கலவையால் பற்றவைப்பர். பொறுமையற்ற கைக்கு இவ்வேலை வாராது.

1964ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மில்லர், ஸ்பெயின் நாட்டுப் புல்டாக்கோ நிறுவனத்தில் சேர்ந்தார். ஏரியலில் ஆண்டுக்கணக்காகக் கற்ற அளவுகளையெல்லாம் இரண்டு வீச்சு எஞ்சின் கொண்ட ஒரு சிறு வண்டியில் பொருத்தினார். ‘ஷெர்ப்பா’ என்று பெயர் பெற்ற அவ்வண்டி 1965ஆம் ஆண்டிலேயே ஸ்காட்லாந்துப் போட்டியை வென்றது. பிரித்தானியாவில் செய்யப்படாத ஒரு வண்டி அங்கே முதலிடம் பெற்றது அதுவே முதல் முறை. பிரித்தானியரின் கனத்த வண்டிகளுக்கு அன்றே அந்திப் பொழுது தொடங்கிற்று. 1975ஆம் ஆண்டு தொடங்கிய உலக வாகைப் போட்டியின் முதல் வெற்றியும் புல்டாக்கோவுக்கே உரியதாயிற்று. பின்னர் அலுமினியச் சட்டம் வந்தது. இருக்கை என்பதே ஏறக்குறைய மறைந்தது. எடை எழுபது கிலோகிராம் அளவுக்கு இறங்கியது. எடை குறைந்த அளவுக்குப் பாறைகள் உயர்ந்தன. மனிதன் தன் கருவியைத் திருத்தியவுடன் தன் தேர்வுத் தாளையும் கடினமாக்கிக் கொள்கிறான்.

கதை இங்கே முடிந்துவிடவில்லை. பழைய வண்டிகள்மீது பற்றுக்கொண்டோர், 1965ஆம் ஆண்டுக்கு முற்பட்ட வண்டிகளுக்கென்றே தனிப் போட்டிகளை நடத்தலாயினர். ஸ்காட்லாந்தின் கின்லோக்லெவன் என்னும் ஊரில் நடப்பது அவற்றுள் பெயர் பெற்றது. பழைய சட்டங்கள் துருவேறியும் வெடித்தும் போயின, புதியன தேவைப்பட்டன. தேர்ந்த கைவினைஞர்கள் அவற்றைச் செய்து தந்தனர். அதனோடு நில்லாமல், சக்கரக் குடம், கவையைப் பற்றும் தகடு, புகைக்குழாய் என்று ஒவ்வோர் உறுப்பும் புதிதாகவும் இலேசாகவும் வரலாயிற்று. இன்று பழைய வண்டி என்ற பெயரில் ஓடுவனவற்றுள் சிலவற்றில், எஞ்சினின் மேலோடு ஒன்றே பழையது. இது முறையா? இஃது ஏமாற்று என்பார் ஒருசாரார். ஓடாத வண்டி காட்சிப் பொருளேயன்றி வண்டியன்று என்பார் மற்றொரு சாரார்.

இருசாரார் கூற்றிலும் உண்மை உண்டு என்பது என் கருத்து. மில்லரின் ஏரியலே ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்ட வண்டிதானே! எந்த ஆண்டின் வடிவத்தை அதன் உண்மை வடிவம் என்போம்? மாற்றுவது அவ்வண்டியின் இயல்புக்கே ஒத்தது. ஆகவே புதிய சட்டம் செய்வது குற்றமாகாது. அதனை 1958ஆம் ஆண்டினது என்று சொல்வதே குற்றமாகும். செம்பியன் மாதேவியார் திருக்கோடிக்காவில் பழைய கோயிலைக் கற்றளியாகப் புதுப்பித்தபோது, பழங்கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதிய சுவரில் பொறிக்கச் செய்தார். அவை படியெடுக்கப்பட்டவை என்பதும் அங்கேயே எழுதப்பட்டது. அதனால் இன்றைய ஆராய்ச்சியாளருக்கு மயக்கம் இல்லை. புதுப்பித்தவரின் பெருமையும் குறையவில்லை.

போட்டியில் இது நியாயத்தைப் பற்றிய செய்தியாகும். துருவேறிய பழஞ்சட்டத்தை அப்படியே காத்து வந்த ஒருவர், நேற்றுச் செய்த இலேசான சட்டத்தோடு ஒரே வரிசையில் நின்று தோற்கும்போது, அவர் தோற்றது எதிராளியின் திறமைக்கன்று. வரலாற்றிலோ இது சான்றைப் பற்றிய செய்தியாகும். ஐம்பதாண்டுகள் கழித்து ஒரு மாணவர் அவ்வண்டியை அளந்து, 1950களின் கைத்திறன் இத்தகையது என்று எழுதிவிட்டால், தவறு அம்மாணவருடையதன்று. ஆண்டைக் குறிக்காமல் விட்டவருடையது. புதிய சட்டம் செய்பவர், தம் பெயரையும் செய்த ஆண்டையும் அதன் கழுத்தில் சிறு எழுத்தில் பொறித்துவிட்டால் போதும். அவ்வெழுத்துகளால் வண்டியின் எடை ஒரு குன்றிமணியளவும் கூடாது.