ஒருவர் தூங்க, ஒருவர் விழிக்க - இருவர் படகுப் போட்டியின் கதை

கடலில் நடக்கும் போட்டிகளில் ஒரு விசித்திரமான வகை உண்டு. பெரிய பாய்மரப் படகு, ஆயிரக்கணக்கான மைல் தூரம், ஆனால் படகில் இரண்டே பேர். பாயை ஏற்றுவது, இறக்குவது, சுக்கான் பிடிப்பது, சமைப்பது, உடைந்ததைச் சரிசெய்வது எல்லாம் அந்த இருவர்தான்.

இரண்டு பேர் என்பது பெயருக்குத்தான். பெரும்பாலான நேரம் மேல்தளத்தில் இருப்பது ஒரே ஆள். மற்றவர் கீழே தூங்கிக்கொண்டிருப்பார். சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாறும். நடு இரவில் மேலே இருப்பவர் தவறி விழுந்தால், கீழே இருப்பவருக்கு அது தெரியாமலே படகு பல மைல் போய்விடலாம்!

அப்படியென்றால் இந்தப் போட்டிக்குத் தயாராகும் இரண்டு நண்பர்கள் உண்மையில் எதைத் தயார் செய்கிறார்கள்? வேகமான படகையா? இல்லை. கவலையில்லாமல் தூங்கக்கூடிய ஒரு படகை. இந்தப் போட்டியின் வரலாறு முழுக்க இதைத்தான் சொல்கிறது.

தொடக்கம்

1960-ல் அட்லாண்டிக் கடலைத் தனி ஆளாகக் கடக்கும் போட்டி இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத்திலிருந்து முதன்முதலாக நடந்தது. அந்த யோசனைக்குச் சொந்தக்காரர் பிளாண்டி ஹாஸ்லர் என்ற முன்னாள் ராணுவ அதிகாரி. அவரே அடுத்து, இருவர் மட்டும் ஓட்டும் போட்டி ஒன்றையும் முன்வைத்தார். 1966-ல் நடந்த அந்த முதல் 'பிரிட்டனைச் சுற்றி' போட்டியின் தூரம் சுமார் 2,000 மைல். வழியில் நான்கு துறைமுகங்களில் தலா 48 மணி நேரம் கட்டாயமாக நிற்க வேண்டும். கிழிந்த பாயைத் தைக்கவும், உடைந்ததை ஒட்டவும், கொஞ்சம் தூங்கவும் அந்த நேரம்.

வென்றவர்கள் டெரெக் கெல்சாலும் மார்ட்டின் மின்டர்-கெம்ப்பும். அவர்களின் 'டோரியா' படகு கடையில் வாங்கியதல்ல, கெல்சால் தானே வடிவமைத்துக் கட்டியது. இரண்டு கண்ணாடி இழைப் பலகைகளுக்கு நடுவே இலேசான நுரைப்பொருளை வைத்து ஒட்டும் புதிய முறையை அவர் அதில் பயன்படுத்தினார். எடை குறைவு, பலம் அதிகம். படகின் ஒவ்வொரு மூலையும் கட்டியவருக்கே தெரியும் என்பதைவிடப் பெரிய தயாரிப்பு என்ன இருக்க முடியும்?

டோரியா ஒரு டிரைமரன். அதாவது நடுவில் ஒரு உடலும் இரண்டு பக்கமும் இரண்டு சிறிய உடல்களும் கொண்ட படகு. இந்தப் பெயருக்குள் ஒரு தமிழ்ச் சொல் ஒளிந்திருக்கிறது. நம் ஊர் 'கட்டுமரம்'தான் ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' ஆனது. மூன்று உடல் வந்ததும் அதன் வாலை ஒட்டி 'டிரைமரன்' என்றார்கள்.

அதே வருடம், இரண்டு ஜோடிகள்

1966-ல் இன்னொரு இருவர் போட்டியும் நடந்தது. அதற்கு அமைப்பும் இல்லை, பரிசும் இல்லை. ஜான் ரிட்ஜ்வே, சே பிளைத் என்ற இரண்டு பிரிட்டிஷ் பாராசூட் படை வீரர்கள் 20 அடிப் படகில் துடுப்பு போட்டே அட்லாண்டிக்கைக் கடக்கக் கிளம்பினார்கள். அவர்களுக்கு இரண்டு வாரம் முன்பே டேவிட் ஜான்ஸ்டோன், ஜான் ஹோர் என்ற இருவர் 'பஃபின்' என்ற படகில் புறப்பட்டிருந்தார்கள். பஃபின் இந்தப் பயணத்துக்காகவே தனியாக வரைந்து கட்டிய படகு. ரிட்ஜ்வேயும் பிளைத்தும் எடுத்துப்போனதோ மீன்பிடிக்கப் பயன்படும் சாதாரண வகைப் படகு, கொஞ்சம் பலப்படுத்தியது.

92 நாட்கள் கழித்து, செப்டம்பர் 3 அன்று, ரிட்ஜ்வேயும் பிளைத்தும் அயர்லாந்தின் அரன் தீவில் கரையேறினார்கள். பஃபின் அக்டோபரில் நடுக்கடலில் கவிழ்ந்த நிலையில் கிடைத்தது. உள்ளே ஆட்கள் இல்லை, நாட்குறிப்பு மட்டும் இருந்தது. அதில் கடைசியாக எழுதப்பட்ட தேதி... அதே செப்டம்பர் 3.

நன்றாகத் தயாரானவர் பிழைப்பார், தயாராகாதவர் அழிவார் என்று கடல் கணக்குப் போடுவதில்லை. தயாரிப்பு என்பது உத்தரவாதம் அல்ல, வாய்ப்பைக் கூட்டிக்கொள்வது மட்டுமே.

தெரியாமல் கிளம்பியவர்

பிளைத்தின் கதை இங்கே சுவாரசியமாகிறது. 1968-ல் உலகத்தைத் தனியாகச் சுற்றும் போட்டியில் அவர் சேர்ந்தபோது அவருக்குப் பாய்மரப் படகு ஓட்டத் தெரியாது! கிளம்பிய அன்று நண்பர்கள் இன்னொரு படகில் முன்னால் போய், எந்தக் கயிற்றை எப்போது இழுப்பது என்று செய்து காட்ட, அதைப் பார்த்து அவரும் செய்தார். தென்னாப்பிரிக்கா வரை போய் விலகிக்கொண்டார்.

ஆனால் அந்தப் பாடம் வீணாகவில்லை. 1970-71-ல் 'பிரிட்டிஷ் ஸ்டீல்' என்ற படகில், காற்றை எதிர்த்து மேற்கு நோக்கி, எங்கும் நிற்காமல் 292 நாட்களில் உலகைத் தனியாகச் சுற்றி வந்தார். அப்படிச் செய்த முதல் ஆள் அவர்தான்.

தனியாக இதைச் சாதித்தவர் பிறகு இருவர் போட்டிக்கு வந்தபோது கூட்டாளியாகக் கிடைத்தவர் ராப் ஜேம்ஸ். பிளைத்தின் படகுகளில் வேலை செய்து வளர்ந்தவர். 1978-ல் இருவரும் 'கிரேட் பிரிட்டன் 4' படகில் பிரிட்டனைச் சுற்றும் போட்டியை வென்றார்கள்.

ஐந்து நிமிடம் எங்கே போனது?

அடுத்த வருடம் 1979-ல் பிரான்சின் லோரியான் துறைமுகத்திலிருந்து பெர்முடா தீவைச் சுற்றித் திரும்பும் இருவர் போட்டி நடந்தது. பிரான்ஸ் கொண்டாடிய மாலுமி எரிக் தபார்லியும் மார்க் பாஜோவும் ஒரு படகில். யூஜின் ரிகிடெலும் ழில் கஹினேயும் இன்னொன்றில். 34 நாள் ஓட்டத்துக்குப் பிறகு ரிகிடெல் ஜோடி வென்றது. வித்தியாசம் 5 நிமிடம் 42 வினாடி!

ஒரு மாதத்துக்கு மேல் ஓடிய போட்டியில் ஐந்து நிமிடத்தை எங்கே தேடுவது? ஒரு பாயை மாற்றத் தாமதித்ததிலா, சிக்கிக்கொண்ட கயிற்றிலா, பத்து நிமிடம் அதிகமாகத் தூங்கியதிலா? எதிலும் இருக்கலாம். அதனால்தான் கரையிலேயே ஒவ்வொரு கயிறுக்கும் இடம் குறித்து, இருட்டில் கை தானாகப் போய்த் தொடும் அளவுக்குப் பழகுகிறார்கள்.

1981-ல் பிளைத்தும் ஜேம்ஸும் மறுபடி சேர்ந்தார்கள். பிளிமத்திலிருந்து அமெரிக்காவின் நியூபோர்ட் வரை, அட்லாண்டிக்கின் குறுக்கே. 65 அடி நீள டிரைமரன், பெயர் 'பிரிட்டனி ஃபெர்ரிஸ் ஜிபி'. அவ்வளவு பெரிய படகில் காற்று ஏறும்போது பாயைச் சுருக்கிக் கட்டுவது சாதாரண வேலை அல்ல. டிரைமரன் ஒருமுறை கவிழ்ந்தால் தானாக நிமிராது என்பதால் சரியான நேரத்தில் சுருக்கியே ஆக வேண்டும். எப்போது தூங்குபவரை எழுப்புவது என்பதில்தான் நட்புக்குப் பரீட்சை. சீக்கிரம் எழுப்பினால் அவர் களைத்துப் போவார். தாமதித்தால் படகே போய்விடும். இந்த முடிவில் இருவருக்கும் ஒரே கணக்கு இருக்க வேண்டும். அது ஒரே நாளில் வராது, சேர்ந்து ஓட்டிய மைல்களில்தான் வரும். 14 நாள் 13 மணி 54 நிமிடத்தில் அவர்கள் முதலாவதாகப் போய்ச் சேர்ந்தார்கள்.

ஒரு கட்டுக்கயிறு

ராப் ஜேம்ஸின் மனைவி நவோமி, 1978-ல் தனியாக உலகைச் சுற்றி முடித்த புகழ்பெற்ற மாலுமி. 1982-ல் கணவனும் மனைவியுமாக 'கோல்ட் கார்ஸ் ஜிபி' என்ற டிரைமரனில் பிரிட்டனைச் சுற்றும் போட்டியை வென்றார்கள்.

1983 மார்ச்சில் அதே படகை வேறு சிலருடன் ஓட்டிவந்தபோது, இங்கிலாந்தின் சால்கோம் கடலோரத்தில், படகின் உடல்களுக்கு நடுவே விரித்திருந்த வலையின் கட்டுக்கயிறு ஒன்று விட்டுப்போனது. ஜேம்ஸ் கடலில் விழுந்தார். குளிர்ந்த நீர். அவரை உயிரோடு மீட்க முடியவில்லை. நவோமி அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. சில நாட்களில் மகள் பிறந்தாள்.

பெருங்கடலை ஓட்டி வென்றவரை, கரைக்குப் பக்கத்தில், ஒரு சிறிய கயிறு கொண்டுபோனது.

அடுத்த வருடம் பிளைத்தும் எரிக் பிளன் என்பவரும் நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் போகும் வழியில் கேப் ஹார்ன் அருகே கவிழ்ந்தார்கள். கவிழ்ந்த படகில் 19 மணி நேரம் தவித்த இருவரையும் ஒரு மீன்பிடிப் படகு காப்பாற்றியது.

இன்றும் அதே கதை

2007-ல் பார்சிலோனாவிலிருந்து இருவர் மட்டும் நிற்காமல் உலகைச் சுற்றும் போட்டி தொடங்கியது. செயற்கைக்கோள் தொடர்பு, கார்பன் இழைப் பாய்மரம், தானியங்கிச் சுக்கான் எல்லாம் வந்துவிட்ட காலம். ஆனாலும் கிளம்பிய 9 படகுகளில் 4 பாய்மரம் முறிந்தோ சுக்கான் பழுதாகியோ விலகின. வென்ற ஜான்-பியர் டிக், டேமியன் ஃபாக்ஸால் ஜோடிக்கு 92 நாள் ஆனது.

போட்டி இல்லாவிட்டாலும் இந்தப் பாதையில் நமக்குப் பக்கத்திலிருந்தும் ஒருவர் போயிருக்கிறார். புதுச்சேரியைச் சேர்ந்த இந்தியக் கடற்படை அதிகாரி ரூபா, கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவுடன் 'தாரிணி' படகில் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து கிளம்பி, உலகைச் சுற்றி 2025 மே 29 அன்று திரும்பினார். எட்டு மாதப் பயணம். தயாரிப்புக்கு எடுத்துக்கொண்டது மூன்று வருடம். அதில் மொரீஷியஸுக்கும் அந்தமானுக்கும் இருவர் மட்டும் போய்வந்த பயணங்களும் அடக்கம்.

எட்டு மாதத்துக்கு மூன்று வருடமா என்று தோன்றலாம். ஆனால் கயிறும் பாயும் சில மாதத்தில் தயாராகிவிடும். மேலே அலை அடிக்கும்போது, 'அவள் பார்த்துக்கொள்வாள்' என்று கீழே ஒருத்தி கண்ணை மூட வேண்டுமே... அதற்குத்தான் அவ்வளவு காலம்.