தபால்காரரிலிருந்து தொடங்கும் வரலாறு

இணையவழி வணிகத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கணினியிலிருந்து தொடங்குகிறார்கள். இந்தியாவைப் பொறுத்தவரை அஞ்சலகத்திலிருந்து தொடங்குவதே முறை என்று நமக்குத் தோன்றுகிறது.

1877இல் இந்திய அஞ்சல்துறை வி.பி.பி. முறையைக் கொண்டுவந்தது. தபால்காரர் பொதியைக் கொண்டுவருவார். விலையை அவரிடம் செலுத்திப் பெற்றுக்கொள்ள வேண்டும். அந்தப் பணம் மணியார்டராக விற்றவருக்குப் போய்ச்சேரும். முகமறியாத இருவருக்கு நடுவே, இருவரும் நம்பிய அஞ்சல்துறை நின்றது. புத்தகக் கடையைக் கண்டிராத சிற்றூர்களுக்குத் தமிழ் நூல்கள் சென்ற வழிகளுள் இதுவும் ஒன்று. பொதியை வாங்க மறுத்தால் தபால் செலவு விற்றவர் தலையில் விழும். சிறு பதிப்பாளர்களுக்கு அது சிறிய இழப்பல்ல.

1999இல் பெங்களூரில் கே. வைத்தீஸ்வரனும் நண்பர்களும் ஃபேப்மார்ட் என்னும் இணையக்கடையைத் திறந்தபோது இத்தகைய நடுவர் எவருமில்லை. கடனட்டை வைத்திருந்தோர் சொற்பம். அவர்களும் அதன் எண்ணைத் திரையில் இட அஞ்சினர். பின்னாளில் இந்தியாபிளாசா என்று பெயர்மாறிய அக்கடை 2013இல் மூடப்பட்டது. இடையில், 2002இல் தொடங்கிய ரயில் பயணச்சீட்டு இணையதளம் அந்த அச்சத்தைச் சற்றே தணித்தது. (அப்போது சீட்டு கூரியரில்தான் வீடு வந்தது!)

2007இல் சச்சின் பன்சாலும் பின்னி பன்சாலும் ஃபிளிப்கார்ட்டைப் புத்தகக் கடையாகவே தொடங்கினர். முதலில் விற்றது ஜான் வுட் எழுதிய நூல். அது சென்றது பெருநகருக்கல்ல, இன்றைய தெலங்கானாவின் மகபூப்நகருக்கு. பொருள் கைக்கு வந்தபின் பணம் என்ற முறையை அந்நிறுவனம் 2010இல் கொணர்ந்தபோது பலரும் புதுமை என்று வியந்தனர். நமக்கோ அது வி.பி.பி.யின் மறுபிறவி, மறுக்கப்பட்டுத் திரும்பும் பொதிகளின் தொல்லையும் அப்படியே உடன்வந்தது. கைபேசிவழிப் பணப்பரிமாற்றமான யுபிஐ 2016இல்தான் வந்தது. 2018இல் வால்மார்ட் 1,600 கோடி டாலர் கொடுத்து ஃபிளிப்கார்ட்டின் 77 விழுக்காட்டை வாங்கியது.

பொதி சுமப்பவரின் நிலைதான் மாறிவிட்டது. தபால்காரருக்கு மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் இருந்தன. கிராமத்துப் புறநிலை ஊழியர்களுக்கு அது வாய்க்கவில்லை என்பது வேறு கதை. இன்று நம் வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தும் இளைஞர்களில் பலருக்குப் பொதிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. இத்தகைய உழைப்பாளர்களைச் சட்டம் முதன்முதலாகப் பெயரிட்டு வரையறுத்தது 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில்.