இலங்கை வடக்கு, கிழக்குத் தொடருந்துச் சேவை விரிவாக்க யோசனைகள்

இலங்கையின் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் பயணிகள் தொடருந்துச் சேவையை மேம்படுத்தவும், புதிய பாதைகளால் விரிவாக்கவும் கூறப்படும் யோசனைகள் இக்கட்டுரையில் தொகுத்துத் தரப்படுகின்றன. இம்மாகாணங்களின் பாதைகள் அனைத்தும் கொழும்பை நோக்கிச் செல்வனவாகும். வடக்கையும் கிழக்கையும் நேரடியாக இணைக்கும் பாதை எதுவும் இல்லை. இக்குறையே பெரும்பாலான யோசனைகளுக்கு அடிப்படையாக உள்ளது.

பின்னணி

காங்கேசன்துறையையும் சாவகச்சேரியையும் இணைத்த பாதை 1902 இல் திறக்கப்பட்டது. 1905 இல் அது கொழும்புடன் இணைக்கப்பட்டது. மதவாச்சியில் பிரியும் தலைமன்னார்ப் பாதை 1914 இல் நிறைவுற்றது. மாகோவில் இருந்து பிரியும் மட்டக்களப்புப் பாதையும், கல்லோயா சந்தியில் அதிலிருந்து கிளைக்கும் திருகோணமலைப் பாதையும் 1920களின் பிற்பகுதியில் அமைந்தன.

1956 இல் தொடங்கப்பட்ட யாழ் தேவி வடக்கின் புகழ்பெற்ற சேவையாகும். உள்நாட்டுப் போர் காரணமாக 1990 இல் வவுனியாவுக்கு வடக்கே சேவைகள் நின்றன. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகள் அமைக்கப் பயன்படுத்தப்பட்டன. போர் முடிந்த பின்னர் இந்தியக் கடனுதவியுடன் பாதை மீண்டும் அமைக்கப்பட்டது. தொடருந்து 2013 இல் கிளிநொச்சியையும், 2014 அக்டோபரில் யாழ்ப்பாணத்தையும், 2015 சனவரியில் காங்கேசன்துறையையும் அடைந்தது. தலைமன்னார்ப் பாதை 2015 மார்ச்சில் மீண்டும் திறக்கப்பட்டது. மாகோ - ஓமந்தை இடையிலான 128 கி.மீ. பாதையின் மேம்பாடு நிறைவடைந்து 2025 ஏப்ரலில் திறந்து வைக்கப்பட்டது.

வடக்கு - கிழக்கு இணைப்பு

யாழ்ப்பாணத்தில் இருந்து திருகோணமலைக்குத் தொடருந்தில் செல்பவர் தெற்கே ஏறத்தாழ 250 கி.மீ. பயணித்து மாகோவை அடைய வேண்டும். அங்கிருந்து மட்டக்களப்புப் பாதையில் கல்லோயா சென்று, மீண்டும் வடகிழக்காகத் திரும்ப வேண்டும். மொத்தத் தொலைவு 400 கி.மீ.க்கும் அதிகமாகும். சாலைத் தொலைவு இதைவிட மிகக் குறைவு என்பதால் பயணிகள் பேருந்தையே நாடுகின்றனர்.

வவுனியாவில் இருந்து திருகோணமலைக்குப் புதிய பாதை அமைத்தால் இச்சுற்று நீங்கும். மட்டக்களப்பு செல்வோருக்கும் கல்லோயா வழியாக ஒரு குறுக்குவழி கிடைக்கும். இடைப்பட்ட நிலம் பெரும்பாலும் சமவெளியாக இருப்பதால் மலைநாட்டுப் பாதையைப் போன்ற குடைவுகள் தேவைப்படா. எனினும் குளங்களையும் காடுகளையும் கடக்க வேண்டியிருக்கும்.

கிழக்குக் கரையோரப் பாதை

கிழக்குப் பாதை மட்டக்களப்பு நகருடன் முடிவடைகிறது. அதற்குத் தெற்கே காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று முதலிய மக்கள் செறிந்த ஊர்கள் தொடருந்து இன்றியே உள்ளன. பாதையைப் பொத்துவில் வரை நீட்டினால் இவ்வூர்கள் பயன்பெறும். இதற்கு மட்டக்களப்பு வாவியைக் கடக்கும் புதிய பாலமும், நெருக்கமான குடியிருப்புகளுக்கு இடையே நிலமும் தேவைப்படும்.

உள்ளூர்ச் சேவைகள்

புதிய பாதை இன்றியே செய்யக்கூடிய மேம்பாடுகளும் உள்ளன. கொழும்புக்கான நெடுந்தூர வண்டிகளின் நேர அட்டவணை மாணவர்களுக்கும் அலுவலர்களுக்கும் நாள்தோறும் பயன்படுவது அரிது. 2022 இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது காங்கேசன்துறை - முறிகண்டி இடையே யாழ் ராணி என்னும் சேவை தொடங்கப்பட்டது. பள்ளி, அலுவலக நேரங்களுக்கேற்ற இத்தகைய குறுந்தூர வண்டிகளை மட்டக்களப்பு - வாழைச்சேனை போன்ற பகுதிகளிலும் இயக்கலாம். வடக்குப் பாதை ஒற்றைப் பாதையாதலால், வண்டிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதற்கு முன் எதிரெதிர் வண்டிகள் விலகிச் செல்லும் தடங்களையும் சமிக்கை முறையையும் மேம்படுத்த வேண்டும்.

கப்பல் இணைப்பு

1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய கப்பல், இரு நாட்டுத் தொடருந்துகளையும் இணைத்தது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. நாகப்பட்டினம் - காங்கேசன்துறை பயணிகள் கப்பல் சேவை 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கப்பட்டது. இரு ஊர்களிலும் தொடருந்து நிலையங்கள் உள்ளன. கப்பல் நேரத்துக்கேற்ப வண்டிகளை இயக்குவது குறைந்த செலவில் பெரும் பயன் தரும்.

சிக்கல்கள்

நிதிப் பற்றாக்குறை முதன்மையான தடையாகும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் புதிய பாதைகளுக்குக் கடன் பெறுவது கடினமாகியுள்ளது. காவலற்ற கடவைகளில் விபத்துகள் நேர்கின்றன. 2025 பெப்ரவரியில் அபரணைக்கு அருகே மட்டக்களப்பில் இருந்து சென்ற வண்டி மோதி ஆறு யானைகள் இறந்தன. வவுனியா - திருகோணமலைப் பாதையும் யானைகள் வாழும் பகுதியைக் கடக்கும் என்பதால், யானைகளுக்கான கடவைகளையும் இரவு நேர வேகக் கட்டுப்பாட்டையும் தொடக்கத்திலேயே திட்டமிட வேண்டியிருக்கும். 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயலால் நாட்டின் பல தொடருந்துப் பாதைகள் சேதமடைந்தன. ஆதலால் புதிய பாதைகளில் வெள்ளத்தைத் தாங்கும் பாலங்களும் வடிகால்களும் இன்றியமையாதவை.