குறி தவறக் கைப்பேசியும் காரணமாகலாம்: விளையாட்டுப் பிள்ளைகளின் பெற்றோர் அறிய வேண்டியவை

2016 ரியோ ஒலிம்பிக்கின் மகளிர் ஒற்றையர் பூப்பந்து இறுதியாட்டத்தில் ஸ்பெயினின் கரோலினா மரினிடம் தோற்று வெள்ளிப் பதக்கம் பெற்றார் இந்தியாவின் பி.வி.சிந்து. அதன் பிறகு அவருடைய பயிற்றுநர் கோபிசந்த் சொன்ன தகவல் பலரை வியக்க வைத்தது. கடந்த மூன்று மாதங்களாகச் சிந்துவிடம் கைப்பேசியே இல்லை; இனிதான் அதைத் திருப்பித் தரப்போவதாக அவர் சொன்னார்.

அப்போது சிந்துவுக்கு வயது 21. இவ்வளவு கண்டிப்பு தேவையா என்று தோன்றலாம். குறிபார்த்து ஆடும் விளையாட்டுகளின் அளவுகளைப் பார்த்தால் காரணம் புரியும்.

மயிரிழையில் வெற்றி

10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில், இலக்கின் 10 புள்ளிக்கான நடுப்பகுதியின் விட்டம் 0.5 மில்லிமீட்டர்தான். தகுதிச் சுற்றில் 75 நிமிடத்திற்குள் 60 முறை சுட வேண்டும். ஒலிம்பிக் அம்பெய்தலில் 70 மீட்டர் தூரத்தில் உள்ள 12.2 சென்டிமீட்டர் வட்டத்தில் அம்பு பாய்ந்தால்தான் 10 புள்ளி. இங்கு உடல் பலம் மட்டும் போதாது. கை நடுங்கக் கூடாது, மனம் அலையக் கூடாது.

கைப்பேசி எப்படிக் கெடுக்கிறது?

*உறக்கம்:* அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து வீரர்கள் 112 பேரைப் பற்றிய ஆய்வு 2019இல் வெளிவந்தது. பின்னிரவில் டுவிட்டரில் பதிவிட்டவர்கள் மறுநாள் குறைவான புள்ளிகளையே எடுத்தனர். வளையத்தில் பந்து போடும் துல்லியமும் குறைந்தது.

*மூளைக் களைப்பு:* பிரேசிலின் தொழில்முறை காற்பந்து வீரர்களிடம் நடந்த ஆய்வில், ஆட்டத்திற்கு முன் 30 நிமிடம் சமூக ஊடகத்தில் மூழ்கியவர்கள் யாருக்குப் பந்தைத் தருவது என்பதில் அதிகம் தடுமாறினர்.

*கவனச் சிதறல்:* கைப்பேசி ஒலித்தாலோ அதிர்ந்தாலோ போதும். எடுத்துப் பார்க்காவிட்டாலும், கவனம் தேவைப்படும் வேலையில் பிழை கூடுவதை 2015இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது.

இவை துப்பாக்கி சுடுவோரிடமோ அம்பெய்வோரிடமோ நடந்த ஆய்வுகள் அல்ல. ஆனால் கூடைப்பந்து வளையத்திற்கே குறி தவறுமென்றால், அரை மில்லிமீட்டர் புள்ளிக்கு எவ்வளவு கவனம் வேண்டும்!

வீட்டில் செய்யக்கூடியவை

தெங்கேரா வீடமைப்புப் பகுதியானாலும் தோட்டமானாலும், தூரத்தில் போட்டிக்குப் போகும் பிள்ளையோடு பேசப் பெற்றோருக்குக் கைப்பேசிதான் வழி. அடியோடு தடுப்பது எளிதல்ல. எனவே:

• போட்டிக்கு முந்தைய இரவு கைப்பேசி படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும். எழுப்ப ஒரு சாதாரணக் கடிகாரம் போதும்.

• போட்டி நாளில் கைப்பேசியைப் பயிற்றுநர் வைத்துக்கொள்ளட்டும். அவசரமென்றால் அவரையே அழைக்கலாம்.

• ஆட்டம் முடியும்வரை படங்களையும் வாழ்த்துகளையும் புலனத்தில் பிள்ளைக்கு அனுப்ப வேண்டாம்.

• தடையைத் திடீரென்று திணிக்காமல், ஒரு மாதம் முன்பே பிள்ளையோடு பேசி முடிவெடுங்கள்.

அந்த நாள்களில் அப்பா அம்மாவும் இரவில் கைப்பேசியை ஒதுக்கி வைத்தால், பிள்ளை அதைத் தண்டனையாக நினைக்காது.