சேனலும் மாஸ்க்கும்: கணினிக்கு முந்திய இரு கருத்துகளின் வரலாறு

ஃபோட்டோஷாப் கற்கத் தொடங்கும் மாணவர் பலர் தடுமாறும் இடங்கள் இரண்டு: சேனல், மாஸ்க். கருவிகளின் வரிசையை மனப்பாடம் செய்வதால் இத்தடுமாற்றம் தீர்வதில்லை. இரண்டுமே கணினிக்கு நெடுங்காலம் முன்பே எழுந்த சிக்கல்களுக்குக் கிடைத்த விடைகள். சிக்கலை அறிந்தவருக்கே விடை விளங்கும்.

மாஸ்க்கின் வரலாறு வானத்தில் தொடங்குகிறது. 1850களில் பயன்பட்ட கொலோடியன் தகடு நீல ஒளிக்கு மிகையாக வினைபுரிந்தது. நிலத்துக்கு ஏற்ப ஒளியூட்டினால் வானம் வெறும் வெண்மையாயிற்று. வானத்துக்கு ஏற்ப ஒளியூட்டினால் நிலம் இருளில் மூழ்கிற்று. பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் குஸ்தாவ் ல கிரே தம் கடற்காட்சிகள் சிலவற்றில் வானுக்கு ஒன்றும் கடலுக்கு ஒன்றுமாக இரு நெகட்டிவ்களை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதியை மறைத்து மறுபகுதியை அச்சிட்டு, தொடுவானக் கோட்டில் இரண்டையும் இணைத்தார். மறைத்தல் என்னும் அச்செயலே மாஸ்க்கின் முன்வடிவம்.

சேனலின் வரலாறு 1861இல் தொடங்குகிறது. ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல்லுக்காகத் தாமஸ் சட்டன் ஒரு வண்ண நாடாவைச் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளின் வழியே தனித்தனியே படமெடுத்தார். கிடைத்தவை கறுப்பு வெள்ளைப் படங்களே. அவற்றை அதே வடிகட்டிகளின் வழியே திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக வீழ்த்தியபோது வண்ணம் தோன்றிற்று. ஆனால் அக்காலத் தகடு சிவப்பு ஒளியை உணராதது. பின் சிவப்புப் படம் எவ்வாறு பதிந்தது? நாடாவின் சிவப்புச் சாயம் எதிரொளித்த புறஊதாக் கதிரே அவ்வடிகட்டியைக் கடந்து பதிந்தது என்று நூறாண்டுகளுக்குப் பின் கோடக் ஆய்வாளர்கள் விளக்கினர். ஆகவே சேனல் என்பது வண்ணமன்று. ஒரு வடிகட்டியின் வழியே கிடைத்த அளவீடு.

1894இல் மும்பையில் தொடங்கிய ரவிவர்மா அச்சகத்தின் வண்ண லித்தோ படங்களும் இத்தகைய பிரிப்பின்மேல் நின்றவையே. ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிக்கல் வேண்டியிருந்தது. ஆயினும் அங்கே வண்ணத்தைப் பிரித்தது வடிகட்டியன்று, கைவினைஞரின் கண்.

இவ்விரு மரபுகளும் 1970களின் இறுதியில் நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் இணைந்தன. எட் கேட்மலும் ஆல்வி ரே ஸ்மித்தும் சிவப்பு, பச்சை, நீலத்தோடு நான்காவதாக ஓர் எண்ணையும் ஒவ்வொரு படப்புள்ளியுடன் சேர்த்தனர். அப்புள்ளி எவ்வளவு மறைக்கிறது என்பதைக் கூறும் அவ்வெண்ணே ஆல்ஃபா. அதன் கணிதத்தை 1984இல் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் முறைப்படுத்தினர். மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் தாமஸ் நோல், கறுப்பு வெள்ளைத் திரையில் சாம்பல் நிறச் சாயல்களைக் காட்ட 1987இல் எழுதத் தொடங்கிய நிரல், அவர் சகோதரர் ஜானின் துணையுடன் வளர்ந்து 1990இல் ஃபோட்டோஷாப்பாக வெளிவந்தது. லேயர் வந்தது 1994இல், மூன்றாம் பதிப்பில்தான்.

எனவே திரையில் மாணவர் காணும் சேனலும் மாஸ்க்கும் வடிவில் ஒன்றே: இரண்டும், எட்டு பிட் படத்தில், 0 முதல் 255 வரையிலான சாம்பல் நிறப் படங்கள். பொருளில்தான் வேறுபாடு. வண்ணச் சேனல் ஒளியின் அளவீட்டைப் பதிகிறது. மாஸ்க் மனிதரின் முடிவைப் பதிகிறது.

வரலாற்று ஆய்வுக்கு இவ்வேறுபாடு இன்றியமையாதது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படத்தின் வெள்ளை வானத்தை வைத்து அன்றைய வானிலையை முடிவு செய்ய இயலாது. ஆர்க்கிமிடீஸ் கையெழுத்துப் படியில் அழிக்கப்பட்ட எழுத்துகளை மீட்டவர்கள், சிவப்பு ஒளியில் எடுத்த படத்தைச் சிவப்புச் சேனலிலும் புறஊதாப் படத்தை ஏனைய இரண்டிலும் வைத்தனர். பழைய எழுத்து செந்நிறமாகத் தெரிந்தது. அது மையின் நிறமன்று, இரு அளவீடுகளின் வேறுபாடு. கல்வெட்டுப் படத்தைத் தெளிவாக்கும் ஆய்வாளர் தேவையற்ற பகுதியை அழித்துச் சேமித்தால் சான்றே அழிகிறது. மாஸ்க்கால் மறைத்து, அக்கோப்பையும் பேணினால், எது கல்லில் இருந்தது, எது ஆய்வாளரின் முடிவு என்பதை அடுத்து வருபவர் சரிபார்க்க இயலும்.